ஆஸ்பத்திரிக்கு உடுத்திய கண்

தலைநகரத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் நெருங்கினால், நெரெய்டாவின் வீட்டில் மூன்று நாள் முன்பே இஸ்திரிப் பெட்டி சூடேறிவிடும். அவளுடைய அம்மா ஒஃபேலியா, ஊர் மரியாதையாக அழைக்கும்படி டோன்யா ஒஃபேலியா, இந்த விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அசுவா ஊரில் எவரும் டாக்டரிடம் நோயாளியைப் போல் போவதில்லை. குளித்து, தலை வாரி, கழுத்தில் வாசனைத் தண்ணீர் தெளித்து, கோயில் பூசைக்குப் போகிறவர்களைப் போலத்தான் போவார்கள். கசங்கிய துணியோடு போய் நின்றால் டாக்டரை மதிக்கவில்லை என்று அர்த்தம். வீட்டில் கவனிக்க நாதியில்லாதவள் என்றும் அர்த்தம்.

நெரெய்டாவுக்கு முப்பத்தைந்து வயது. வலது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. இடது கண்ணின் மேல் இமைக்கு உள்ளே, வெள்ளை விழியோடு சேர்த்துத் தைத்த ஒரு சிறு தட்டு இருக்கிறது. அதிலிருந்து நூல் தடிமனில் ஒரு குழாய் கண்ணுக்குள் போகிறது. கண்ணுக்குள் ஊறுகிற நீர் வெளியேற வழியில்லாமல் பிறந்தவள் அவள். அந்த நீர் தேங்கித் தேங்கி அழுத்தம் ஏறினால் பார்வை நரம்பு நசுங்கிச் சாகும். குழாய்தான் அதற்கு வடிகால். 1995 நவம்பரில், அவளுக்கு ஆறு வயதில் வைத்தது. அன்றிலிருந்து நாலு மாதத்துக்கு ஒரு முறை தலைநகரம் போய் அழுத்தம் அளந்து வருகிறாள்.

அம்மா உடையைத் தேய்க்கிற அன்று நெரெய்டாவும் தன் பங்கைச் செய்வாள். ஃபிரிட்ஜ் கதவில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருக்கும் சொட்டு மருந்துப் புட்டியை எடுத்து, தலையைச் சாய்த்து, இடது கண்ணில் ஒரு சொட்டு விடுவாள். தினமும் இரவில் விட வேண்டிய மருந்து அது. அவள் விடுவது ஆஸ்பத்திரி நாளுக்கு முந்தைய மூன்று இரவுகள் மட்டும். ஏமாற்றுவதாக அவளுக்குத் தோன்றியதில்லை. உடம்புக்கு இஸ்திரி போட்ட உடை, கண்ணுக்கு மருந்து. டாக்டர் முன்னால் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறந்தபோது அவள் கண்கள் ஊர் பார்க்கிற கண்களாக இருந்தன. அவ்வளவு பெரிசு. கருவிழியில் மெல்லிய நீலம் வேறு. பார்க்க வந்தவர்களெல்லாம் "என்ன கண்ணுடியம்மா, கடவுள் காப்பாத்தட்டும்!" என்றார்கள். குழந்தையைப் புகழ்ந்துவிட்டுக் கடவுள் பெயரைச் சொல்லாமல் போனால் கண் பட்டுவிடும் என்பது அங்கே எல்லோரும் அறிந்தது. யாரோ ஒருத்தி சொல்லாமல் போயிருப்பாள் என்றுதான் டோன்யா ஒஃபேலியா முதலில் நினைத்தாள். வெளிச்சத்தில் கொண்டுபோனால் குழந்தை வீறிட்டது, முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டது, கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. மணிக்கட்டில் கருமணி கட்டினார்கள். அது அறுந்து விழுந்தபோது திருஷ்டி கழிந்ததென்று சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஏழு மாதம் போனது. அழுத்தத்தில் கண் பலூனாக உப்பியதைத்தான் ஊர் அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தது என்பது, தலைநகரத்து டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் வரிசை வரிசையாக அறுவைகள். வலது கண்ணில் மூன்று முறை கீறிப் பார்த்தார்கள். அது வெளுத்துச் சுருங்கியது. இடது கண்ணில் இரண்டு கீறலுக்குப் பிறகு குழாய் வைத்தார்கள். அதன் பிறகு டோன்யா ஒஃபேலியாவின் வாழ்க்கையே ஒரே வாக்கியமாகிப் போனது: "கண்ணைத் தேய்க்காத." பள்ளிக்கூடத்தில், கடற்கரையில், திருவிழாவில், தூக்கத்தில்கூடச் சொன்னாள். இரவு எட்டு மணிக்கு மகளின் மோவாயை ஒரு கையால் பிடித்து மறு கையால் சொட்டு விடுவாள். பதினாலு வருஷம் ஒரு நாள் தவறவில்லை. நெரெய்டாவுக்கு இருபது வயதானதும் புட்டியை அவள் கையில் கொடுத்து, "இனிமே உன் கண்ணு, உன் பாடு. என் கை ஓஞ்சு போச்சு" என்றாள்.

நெரெய்டாவின் கையும் ஓய்ந்தது. அதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது, அவ்வளவுதான்.

அவள் வேலை செய்வது யோகாஸ்டாவின் அழகு நிலையத்தில். அங்கே தலை அலசுவது அவள் பொறுப்பு. தொட்டியில் சாய்ந்திருக்கும் தலையை விரல்களே பார்த்துக்கொள்ளும் என்பதால் ஒற்றைக் கண் ஒரு குறையாக இருக்கவில்லை. சனிக்கிழமைகளில் வாசல் வரை கூட்டம் நிற்கும். தலையில் சுருட்டிகளோடு உலர்த்தியின் கீழ் உட்கார்ந்து, யார் புருஷன் யாரோடு போனான் என்பதை உலர்த்தியின் சத்தத்துக்கும் மேலே கத்திப் பேசுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு சனிக்கிழமை யோகாஸ்டா அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏய், நில்லு. இது என்னடி, இடது கண்ணுல இமை முடி மாட்டு இமை மாதிரி நீண்டு கெடக்கு? வலதுல ஒண்ணுமே இல்ல. ஒரு கண்ணுக்கு மட்டும் ஒட்டு வெச்சியா?"

"ஒட்டு இல்ல, மருந்து. அதை விட்டா இமை வளருமாம். டாக்டரே சொன்னாங்க."

உலர்த்திகளின் கீழே பேச்சு சட்டென்று நின்றது.

"எந்த மருந்து?" என்றாள் டோன்யா மிலாக்ரோ. தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவள், கண்ணாடிக்கு அடியில் மூன்றே இமை முடி வைத்திருக்கிறவள்.

அடுத்த வாரமே புட்டி நிலையத்துக்கு வந்தது. யோகாஸ்டா ஒரு மெல்லிய தூரிகையை அதில் நனைத்துத் தன் இமையோரம் இழுத்துக்கொண்டாள். ஆறு வாரத்தில் பலன் தெரிந்தது. அதன் பிறகு கல்யாணப் பெண்கள், பதினைந்தாம் பிறந்தநாளைக் கல்யாணம் போலக் கொண்டாடும் பெண்கள், மிலாக்ரோ, மிலாக்ரோவின் தங்கை எல்லோருக்கும் தூரிகை போனது. "நெரெய்டா தண்ணி" என்று அதற்குப் பெயரும் வந்தது. அவளை முதல் முறையாக எல்லோரும் விரும்பிக் கூப்பிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு யோகாஸ்டா அரை மணி கூடக் கொடுத்தாள். டாக்டர் ஒவ்வொரு முறையும் "குழாய் அருமையா வேலை செய்யுது" என்றுதானே சொல்கிறார், ஒரு இரவு விடாவிட்டால் என்ன என்று தொடங்கியது. பிறகு ஒரு வாரம். பிறகு, ஆஸ்பத்திரி நாளுக்கென்று புட்டியின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்தால் போதும் என்று ஆனது. ஒரு கண்ணுக்கு முப்பது வருஷம் காவல் நின்றவளுக்கு அந்த விடுமுறை தித்திப்பாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் டோன்யா ஒஃபேலியாவும் கண்ணாடி முன்னால் நின்று ஆச்சரியப்பட்டாள். புதனும் சனியும் மகளைப் பார்க்கிற சாக்கில் நிலையத்துக்குப் போய், காப்பி குடித்து, யோகாஸ்டா கையால் சும்மா முகம் திருத்திக்கொண்டு வருவாள்.

"அறுபத்தி நாலு வயசுல எனக்கு இமை முளைக்குது பாரேன். பல்லு விழுற காலத்துல!"

நெரெய்டா செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

போன செப்டம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் மொந்தாஸ் போன் செய்தாள். பழைய டாக்டர் ஓய்வு பெற்ற பிறகு வந்த இளம் டாக்டர், வேகமாகப் பேசுகிறவள்.

"நெரெய்டா, அந்தக் காலத்துல குழாய் வெச்ச பிள்ளைங்க எல்லாரையும் தேடிப் பிடிச்சுக்கிட்டிருக்கேன். நிறையப் பேருக்கு ரெண்டாவது ஆபரேஷன் ஆயிருச்சு. சிலருக்குப் பார்வையே போயிருச்சு. ஒரே குழாய், ஒரே மருந்துன்னு இத்தனை வருஷம் நிக்கிறது நீங்களும் இன்னொருத்தரும்தான். அக்டோபர்ல வாங்க, மத்த டாக்டர்களுக்கும் உங்களைக் காட்டணும். எல்லாம் நல்லா இருந்தா, இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்."

அம்மா அதைக் கேட்டு, இருந்ததிலேயே நல்ல நீல உடையை எடுத்து வெயிலில் போட்டாள். எதிர்வீட்டுக்கும் சொன்னாள்: "என் பொண்ணை டாக்டருங்க கூட்டத்துல காட்டப் போறாங்க."

நெரெய்டாவுக்கு மட்டும் அதில் சந்தோஷம் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் தொட்டியில் சாய்ந்திருந்த மிலாக்ரோ எதற்கோ கையைத் தூக்கியிருக்கிறாள். அந்தக் கை நெரெய்டாவின் கண்ணில் படவே இல்லை. சுடுதண்ணீர் மிலாக்ரோவின் மணிக்கட்டில் கொட்டிவிட்டது.

"குருட்டுக் கழுதை! என்னை அவிச்சுக் கோழிச் சூப்பு வைக்கப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நெரெய்டாவும் சிரித்தாள். அதற்கு முன்னாலேயே நிலையத்துக் கதவின் விளிம்பு அவள் தோளை இரண்டு முறை பதம் பார்த்திருந்தது. வீட்டில் அம்மா தட்டை எடுக்கும்போது, "பொரிச்ச சீஸ் பிடிக்கலையா? வலது பக்கத்துல அப்படியே வெச்சிருக்கே" என்று கேட்டாள். மசித்த வாழைக்காயைத் தின்று முடித்த நெரெய்டா, தட்டில் சீஸ் இருந்ததையே அறியவில்லை. முகத்தை மெல்லத் திருப்பினாள். மூன்று துண்டுகள் அங்கே இருந்தன.

வலது கண் இல்லாததால் அந்தப் பக்கம் எப்போதும் குறைவுதான். ஆனால் மூக்கு வரைக்கும் எட்டிக்கொண்டிருந்த இடது கண்ணின் பார்வை, இப்போது மூக்குக்கு வெகு முன்னாலேயே நின்றுபோகிறது. யாரோ ஒரு திரையை ஓசையில்லாமல் இழுத்து மூடிக்கொண்டு வருகிற மாதிரி. வருஷத்துக்கு ஒரு முறை என்றால், அடுத்த முறை போகும்போது திரை முழுதும் மூடியிருக்கும். இது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

திங்கள் இரவு அவள் ஃபிரிட்ஜைத் திறந்தாள். அடுத்த அறையில் அம்மா தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈரத் துணியின் மேல் இஸ்திரி போகும் வாசனை வந்தது. புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மூன்று இரவுக்குப் போதும். விட்டால் வியாழக்கிழமை அழுத்தம் பதினைந்தோ பதினாறோ காட்டும். டாக்டர் சிரிப்பாள், அம்மா சிரிப்பாள், கூட்டத்தில் கை தட்டுவார்கள். விடாவிட்டால் உண்மை வெளியே வரும். தன் வாயால் சொல்வதற்கு அவளிடம் தெம்பு இல்லை. கண்ணையே காட்ட விட்டுவிட்டால் தான் பேச வேண்டியதில்லை என்று தோன்றியது. புட்டியை வெண்ணெய்க்குப் பக்கத்தில் திரும்ப வைத்தாள்.

"மருந்து விட்டாச்சா?" அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஆச்சு."

வியாழக்கிழமை விடியும் முன்பே வண்டி ஏறினார்கள். நீல உடை, வெள்ளைச் செருப்பு, வாசனை எல்லாம் இருந்தன. நடத்துநர்ப் பையன் தேவைக்கு மேலேயே ஆட்களை ஏற்றி, "ஒட்டி உக்காருங்க, ஒட்டி உக்காருங்க, இன்னும் நாலு பேருக்கு இடமிருக்கு" என்று கத்தினான்.

"எங்கடா இருக்கு இடம், உன் மடியிலயா?" என்றாள் டோன்யா ஒஃபேலியா. "உடை கசங்குச்சுன்னா நீதான் தேய்க்கணும். என் பொண்ணு டாக்டருங்க கூட்டத்துக்குப் போறா."

"அப்போ என்னையும் கூட்டிட்டுப் போங்க, மாமியாரே."

வண்டியே சிரித்தது. நெரெய்டா ஜன்னல் பக்கம் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள். வழியெல்லாம் தலை வலித்தது.

ஆஸ்பத்திரி நடையில் எல்லோரும் கல்யாணத்துக்கு வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் மொந்தாஸின் அறையில் பயிற்சி டாக்டர்கள் இரண்டு பேர் நின்றார்கள்.

"இதோ, நம்ம பழைய குழாய் வந்தாச்சு!" என்று டாக்டர் எழுந்து வந்து நெரெய்டாவின் கன்னத்தில் முத்தமிட்டாள். "இருபத்தொன்பது வருஷம். நல்லாப் பாத்துக்கங்க ரெண்டு பேரும். நீ அளந்து பாருப்பா."

பயிற்சிப் பையன் மஞ்சள் சாயம் விட்டு, மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, நீல வெளிச்சத்தைக் கண்ணருகே கொண்டுவந்தான். நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்: "முப்பத்தி நாலு, டாக்டர்."

"முப்பத்தி நாலா? கையை அழுத்தியிருப்பே. இவங்களுக்குப் பதினாறைத் தாண்டினதே இல்ல. நகரு."

பையன் காது சிவந்து ஒதுங்கினான். டாக்டர் உட்கார்ந்து அளந்தாள். அளவியின் முனையைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"முப்பத்தி நாலுதான்." நெரெய்டாவைப் பார்த்து, "மருந்தை மாத்தினீங்களா?" என்று கேட்டாள்.

"விடலை, டாக்டர்."

"நேத்தா?"

"போன தடவை இங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து."

மூலையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த டோன்யா ஒஃபேலியா விசிறிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"அதுக்கு முன்னால?"

"இங்க வர்றதுக்கு முன்னால மூணு நாளு விடுவேன். ரெண்டு வருஷமா அப்படித்தான்." வாய் திறந்துவிட்டது. இனி மூடியும் பயனில்லை. "வலது பக்கம் தெரியல. தட்டுல சோறு தெரியல."

டாக்டர் மொந்தாஸ் கோபப்படுவாள் என்று நினைத்திருந்தாள். டாக்டரோ தன் கண்களைக் கசக்கிக்கொண்டாள். திடீரென்று வயதானவளாகத் தெரிந்தாள்.

"அப்போ இந்த ரெண்டு வருஷம் நான் அளந்தது குழாயை இல்ல, மருந்தை. மூணு நாளு மருந்தை." பயிற்சிப் பையனைப் பார்த்து, "உன் கை சரியாத்தான் இருந்துச்சு, மன்னிச்சுக்க" என்றாள். பிறகு நெரெய்டாவிடம் சொன்னாள்: "தட்டைச் சுத்தி உடம்பு தோல் மாதிரி ஒரு உறை கட்டும். வருஷம் போகப் போக அது தடிச்சுக்கும். நீர் உள்ளேயே தேங்கும். சின்ன வயசுல வெச்ச குழாய்க்கு இது நடக்கிறதுதான், உங்க தப்பு இல்ல. அடைஞ்சது எப்போன்னு தெரியாமப் போச்சு பாருங்க, அதுதான் தப்பு."

மதியம் வரைக்கும் பார்வையின் அகலத்தைச் சோதித்தார்கள். நடுவில் நல்ல பார்வை இருந்தது. அதைச் சுற்றி, முக்கியமாக வலப்பக்கம், பெரும்பகுதி போய்விட்டிருந்தது. போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாற்ற, கண்ணின் கீழ்ப்பக்கத்தில் இன்னொரு தட்டும் குழாயும் வைக்க வேண்டும். அதுவரை மருந்து, ஒரு இரவும் தவறாமல்.

"அதுவும் அடைஞ்சுக்குமா, டாக்டர்?"

"அடைஞ்சுக்கலாம். பத்து வருஷம் நிக்கலாம், இருபதும் நிக்கலாம். பொய் சொல்ல மாட்டேன்." கதவு வரை கூட வந்தாள். "ஒரே குழாயில நின்னவங்க ரெண்டு பேருன்னு சொல்லியிருந்தேன். இப்போ ஒருத்தர்தான். பரவாயில்ல. அடுத்த வருஷம் வந்து சொல்லியிருந்தீங்கன்னா, காப்பாத்துறதுக்குப் பார்வையே இருந்திருக்காது."

திரும்புகிற வண்டியில் டோன்யா ஒஃபேலியா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உப்பளங்கள் கடந்தன. பிற்பகல் வெயிலில் நெரெய்டாவின் நீல உடை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"மாசம் ஒரு புட்டி வாங்கினோமே," என்றாள் கடைசியில். "எங்கடி போச்சு அத்தனையும்?"

"நிலையத்துல. இமைக்குப் போட்டாங்க."

"யாரு இமைக்கு?"

"யோகாஸ்டாவுக்கு. மிலாக்ரோவுக்கு, அவ தங்கச்சிக்கு. கல்யாணப் பொண்ணுங்களுக்கு." நெரெய்டா ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். "உனக்கும்தான்."

அம்மா விரலை உயர்த்தித் தன் இமையைத் தொட்டுப் பார்த்தாள். கையை மடியில் போட்டுக்கொண்டு, அசுவா வருகிற வரை அப்படியே இருந்தாள்.

நவம்பர் பத்தொன்பதாம் தேதி இரண்டாவது குழாய் வைத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் கட்டுப் பிரித்து அளந்தபோது அழுத்தம் பதினேழு, அதுவும் மருந்தோடு. ஜனவரியில் நெரெய்டா வேலைக்குத் திரும்பினாள். தொட்டியைத் தனக்குத் தெரிகிற இடது பக்கச் சுவரோரம் மாற்றித் தரச் சொன்னாள். யோகாஸ்டா முணுமுணுத்துக்கொண்டே மாற்றினாள். வருகிறவர்களிடம் நெரெய்டா முதலிலேயே சொல்லிவிடுவாள்: "கையைத் தூக்காதீங்க, எனக்குத் தெரியாது."

பெப்ரவரியில் மிலாக்ரோ உலர்த்தியின் கீழிருந்து கூப்பிட்டாள். "ஏய், அந்தத் தண்ணி எங்க? என் இமையெல்லாம் கொட்டிப்போச்சு. ஈஸ்டருக்கு என்ன பண்றது?"

"எங்கம்மாகிட்ட இருக்கு. போய்க் கேளு."

"உங்கம்மாகிட்டயா? செருப்பைத் தூக்குவாளே!"

"தூக்கட்டும்."

புட்டி இப்போது ஃபிரிட்ஜில் இல்லை. டோன்யா ஒஃபேலியா அதை ஈரத்துணியில் சுற்றி, மண்பானைக்குப் பக்கத்தில் தன் காவலில் வைத்திருக்கிறாள். அவளுடைய இமையும் கொட்டி, பழையபடி ஆகிவிட்டது. எட்டு மணிக்குப் புட்டியோடு வருவாள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மகளின் மோவாயை இடது கையால் பிடிப்பாள். அவள் கை இப்போது நடுங்குகிறது. சில இரவு முதல் சொட்டு கன்னத்தில் விழும். இரண்டாவதுதான் கண்ணில் விழும்.

"சாகிற வரைக்கும் இதேதானா?" என்று ஒரு நாள் நெரெய்டா மோவாய் பிடிபட்டபடியே கேட்டாள்.

"யாரு சாகிற வரைக்கும்?" என்றாள் அம்மா. "பேசாத, ஆடுது. மேல பாரு."

நெரெய்டா மேலே பார்த்தாள். தகரக் கூரையின் நடுவில் தொங்கும் விளக்கும், அதற்கு அருகில் அம்மாவின் முகத்தில் பாதியும் தெரிந்தன.